கட்டடக் கலைப் பேராசான் மிமார் சினான்

ஒரு கட்டடத்தினுள் நுழையும் நாம் அதன் கூரையை நம்பியே நுழைகின்றோம். வகுப்பறையில் அமரும் மாணவரும், மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியும், பள்ளிவாசலில் அணிவகுத்து நிற்கும் தொழுகையாளரும் தம் தலைக்கு மேலுள்ள சுமையை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ண வேண்டிய தேவை இல்லாதபடி வேறொருவர் அவர்களுக்காக முன்னரே எண்ணி முடித்திருக்கின்றார். சுமை எங்கே பிறக்கிறது, எவ்வழியே இறங்குகிறது, எந்தத் தூண் அதனைத் தாங்குகிறது, எந்த மண் அதனை ஏற்கிறது என்று கணக்கிட்டவர் அவர். அவரை இன்று நாம் கட்டமைப்புப் பொறியாளர் என்கின்றோம்.

அப்பெயரும் அத்துறைக்கென ஒரு கல்லூரியும் தோன்றாத காலத்தில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அப்பொறுப்பை ஒரு பேரரசு முழுமைக்கும் சுமந்த ஒருவர் இருந்தார். பள்ளிவாசல், மத்ரஸா, மருத்துவமனை, ஏழைகளுக்கான சமையற்கூடம், வழிப்போக்கர் விடுதி, பாலம், நீர்வழி என்று பொதுமக்களுக்குப் பயன்படும் எல்லா வகைக் கட்டடங்களையும் எழுப்பியவர் அவர். உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் அவர்களின் வாழ்வையே இக்கட்டுரையில் நாம் காணப் போகின்றோம். மிமார் என்பது அவரது பெயரன்று. கட்டடக் கலைஞர் என்னும் பொருள் தரும் பதவிச் சொல். பதவிச் சொல்லே பெயரின் பகுதியாகிவிடும் அளவுக்கு அவர் அத்தொழிலோடு ஒன்றியவர்.

படைவீரராக வந்தவர்

சினான் ஏறத்தாழ 1490ஆம் ஆண்டில், அனத்தோலியாவின் கைசேரி நகருக்கு அருகிலுள்ள ஆகிர்நாஸ் என்னும் சிற்றூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். கிறித்தவக் குடிகளின் சிறுவர்களை அரசுப் பணிக்கென எடுத்துச் செல்லும் வழக்கம் அந்நாளைய உஸ்மானிய ஆட்சியில் இருந்தது. பெற்றோரைப் பிரித்து வந்த அவ்வழக்கம் எத்தனை இல்லங்களில் கண்ணீரை வரவழைத்திருக்கும் என்பதை நாம் மறப்பதற்கில்லை. முதலாம் சலீம் ஆட்சிக்கு வந்த 1512ஆம் ஆண்டை ஒட்டி சினான் அவ்வாறு இஸ்தான்புல் நகருக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே இஸ்லாத்தைத் தழுவி, தச்சுத் தொழில் பயின்று, ஜானிஸரி எனப்படும் காலாட்படையில் சேர்ந்தார்.

1521இல் பெல்கிரேடு, 1522இல் ரோட்ஸ் தீவு, 1526இல் மொஹாக்ஸ், 1534இல் பாக்தாது என்று படையோடு அவர் நடந்த தூரம் மிகப் பெரிது. போர்க்களம் அவருக்குப் பாடசாலையாயிற்று. வெல்லப்பட்ட நகரங்களின் கோட்டைகளையும் பழைய பாலங்களையும் அவர் கண்ணால் அளந்தார். எது நிற்கிறது, எது இடிந்து கிடக்கிறது, ஏன் இடிந்தது என்ற கேள்விகள் அவர் உள்ளத்தில் எழுந்தன. கிழக்குப் படையெடுப்பின்போது வான் ஏரியைக் கடக்க மரக்கலங்கள் தேவைப்பட்டன. அவற்றைக் கட்டித் தரும் பொறுப்பை அவர் ஏற்று முடித்தார்.

அவரது வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி 1538இல் நேர்ந்தது. மால்டேவியப் படையெடுப்பில் புரூத் ஆறு குறுக்கிட்டது. கரையெல்லாம் சதுப்பு நிலம். கட்ட முயன்ற பாலங்கள் சேற்றில் அமிழ்ந்தன. அவ்வேளையில் லுத்ஃபி பாஷா என்னும் அமைச்சர் சினானின் பெயரைப் பரிந்துரைத்தார். பதின்மூன்றே நாட்களில் சினான் அவ்வாற்றின்மீது பாலம் அமைத்துப் படையைக் கடத்தினார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. சுமை மேலே எவ்வளவு என்பதைவிட, கீழே மண் எத்தன்மையது என்பதே முதற்கேள்வி என்பதை அவர் அச்சேற்றில் நின்று கற்றார். அதன்பின் சிறிது காலத்தில் தலைமைக் கட்டடக் கலைஞர் பதவி வெற்றிடமாயிற்று. அது அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. பலர் ஓய்வை எண்ணத் தொடங்கும் வயதில் அவர் தம் உண்மையான தொழிலைத் தொடங்கினார்.

குவிமாடத்தின் சிக்கல்

சினானின் சிறப்பை உணர வேண்டுமெனில் குவிமாடம் என்பது யாது என்பதை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

நாரத்தைப் பழம் ஒன்றைப் பாதியாக வெட்டிச் சாற்றைப் பிழிந்தபின், அதன் தோலைக் கவிழ்த்து வைத்து உச்சியில் மெல்ல அழுத்திப் பாருங்கள். உச்சி தாழும், ஓரங்களோ வெளிப்புறமாக விரியும், மேலும் அழுத்தினால் ஓரத்தில் பிளவுகள் தோன்றும். செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் ஆன குவிமாடத்தின் இயல்பும் இதுவே. அது கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. தன்னைத் தாங்கும் சுவர்களை வெளிப்புறமாகவும் தள்ளுகிறது. கல்லும் செங்கல்லும் நசுக்கும் விசையைப் பொறுக்கும், இழுவிசையைப் பொறுக்கா. ஆகவே அந்த உதைப்பை எதிர்த்து நிற்க ஏதேனும் ஒன்று வேண்டும்.

இஸ்தான்புல்லில் ஆறாம் நூற்றாண்டில் எழுந்த ஆயா சோஃபியா இச்சிக்கலுக்குக் கண்முன் நின்ற சான்று. 537இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் முதற்குவிமாடம் நிலநடுக்கங்களால் தளர்ந்து 558இல் இடிந்து வீழ்ந்தது. பின்னர் அதனை இன்னும் உயர்த்திக் கட்டினர். ஆயினும் சுவர்கள் சாயத் தொடங்கியதால் தலைமுறை தலைமுறையாக முட்டுச் சுவர்கள் சேர்த்துக்கொண்டே வர வேண்டியதாயிற்று. அடிக்கடி நிலம் நடுங்கும் நகரத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் ஒரே கூரையின்கீழ்க் கூடும் கட்டடத்தை எழுப்புவது எத்தகைய பொறுப்பு என்பதை சினான் அதனைப் பார்த்தே உணர்ந்தார்.

மூன்று படிகள்

தம் பணிகளுள் மூன்றினை சினான் மூன்று படிகளாகக் கருதினார் என்பது மரபுச் செய்தி. ஷாஹ்ஸாதா பள்ளிவாசல் மாணவப் பருவம். சுலைமானிய்யா தேர்ந்த தொழிலாளியின் பருவம். சலீமிய்யா ஆசான் பருவம்.

சுல்தான் சுலைமானின் மைந்தர் மெஹ்மத் இளவயதில் 1543இல் காலமானார். அவர் நினைவாக எழுந்தது ஷாஹ்ஸாதா பள்ளிவாசல், 1548இல் நிறைவெய்தியது. 19 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தின் நான்கு பக்கங்களிலும் நான்கு அரைக்குவிமாடங்களை சினான் அணைத்து வைத்தார். நடுக்குவிமாடம் எப்பக்கம் தள்ளினும் அப்பக்கத்தில் ஓர் அரைக்குவிமாடம் அதனைத் தாங்கிக் கீழே இறக்கிவிடும். சமநிலை மிக்க திட்டம். எனினும் அவர் அதிலேயே நின்றுவிடவில்லை.

1550இல் தொடங்கி 1557இல் நிறைவெய்திய சுலைமானிய்யா இன்னும் கடினமான தேர்வு. அதன் குவிமாடம் ஏறத்தாழ 26.5 மீட்டர் விட்டமுடையது. தரையிலிருந்து அதன் உயரம் விட்டத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. இங்கே முன்னும் பின்னும் மட்டுமே அரைக்குவிமாடங்கள் உள்ளன. மற்ற இரு பக்கங்களிலும் பெரும் வில்வளைவுகளும் சாளரங்கள் நிறைந்த சுவர்களுமே உண்டு. அப்படியாயின் அவ்விரு பக்கங்களின் உதைப்பை யார் ஏற்பது? சினான் தடித்த முட்டுச் சுவர்களை அமைத்தார். அவற்றின் ஒரு பகுதி சுவருக்கு உள்ளேயும் மறுபகுதி வெளியேயும் இருக்குமாறு பகிர்ந்தார்; இடைவெளிகளில் மாடங்களையும் நடைகளையும் வைத்தார். பார்ப்பவர் கண்ணுக்கு அழகிய மாடங்கள் தெரியும். முட்டுச் சுவர் தெரியாது. நான்கு பெருந்தூண்களின் உச்சியில் கனத்த சிறு கோபுரங்களை ஏற்றினார். அவை அலங்காரத்திற்காக மட்டும் நிற்பனவல்ல. வெளிப்புறமாகச் சாய முயலும் விசையைத் தம் எடையால் அழுத்திச் செங்குத்தாகக் கீழே திருப்பிவிடும் பணி அவற்றினுடையது. கற்களை இரும்புப் பற்றுகளால் பிணைத்து, உருக்கிய ஈயத்தை ஊற்றி இறுக்குவது அக்காலக் கட்டட முறை. ஈயம் இரும்பைத் துருவிலிருந்து காக்கும். நிலம் அதிரும்போது சற்றே நெகிழ்ந்தும் கொடுக்கும்.

பள்ளிவாசலைச் சுற்றி ஒரு நகரமே எழுந்தது. மார்க்கச் சட்டம் பயிற்றும் மத்ரஸாக்கள், ஹதீஸ் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை, சமையற்கூடம், பயணியர் விடுதி, குளியலகம், சிறுவர் பள்ளி ஆகியன ஒரே திட்டத்தின் உறுப்புகள். நிலமோ கடற்கழியை நோக்கிச் சரியும் குன்று. சினான் குன்றினைச் சமன்செய்து பெருமேடை அமைத்துப் பள்ளிவாசலை நிறுத்தினார். சரிவில் அமைந்த மத்ரஸாக்களின் அறைகளைப் படிப்படியாக இறக்கிக் கட்டினார். இவையனைத்தும் வக்ஃபு சொத்துகளின் வருவாயால் நடைபெற்றன. கட்டுவதற்குப் பொருள் ஒதுக்கியது போலவே, கட்டியதைப் பேணுவதற்கும் தொடக்கத்திலேயே பொருள் ஒதுக்கப்பட்டது என்பதை நாம் இங்குக் கருதிப் பார்த்தல் தகும்.

இப்பணியின் கணக்கேடுகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றை ஆராய்ந்தோர், கைவினைஞருள் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தனர் என்று கண்டறிந்துள்ளனர். பலர் சுமையைப் பகிர்ந்தால்தான் குவிமாடம் நிற்கும் என்பது கல்லுக்கு மட்டும் உரிய உண்மையன்று போலும்.

தண்ணீரும் பாலமும்

சினானைப் பள்ளிவாசல்களின் கலைஞர் என்று மட்டும் கருதுவோர் அவரது பாதியையே அறிந்தவராவர். பெருகிவரும் இஸ்தான்புல் மக்களுக்குக் குடிநீர் வழங்க, கிர்க்செஷ்மே என்னும் நீர்வழித் திட்டத்தை 1554 முதல் அவர் மேற்கொண்டார். நகருக்கு வடக்கேயுள்ள காட்டு ஓடைகளின் நீரைத் திரட்டி, பள்ளத்தாக்குகளின்மீது தொட்டிப் பாலங்கள் அமைத்து, சரிவு மாறாமல் நகருக்குள் கொண்டுவருவதே அத்திட்டம்.

1563இல் பேரிடி வந்தது. வரலாறு காணாத மழையால் வெள்ளம் பெருக்கெடுத்து, அரும்பாடுபட்டுக் கட்டிய பாலங்களை அடித்துச் சென்றது. பல ஆண்டு உழைப்பு ஒரு பெருமழையில் அழிந்தது. எழுபதைத் தாண்டிய முதியவர் மனமுடைந்து ஒதுங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ மீண்டும் தொடங்கினார். இன்று நாம் காணும் மாலோவா தொட்டிப் பாலம் அவ்வாறு எழுந்ததே. அதன் நீளம் 258 மீட்டர். உயரம் 36 மீட்டர். அதன் தூண்கள் மேலிருந்து கீழே வரவர அகன்று, கூர்ங்கோபுர வடிவில் பள்ளத்தாக்கில் காலூன்றி நிற்கின்றன. வெள்ளம் மோதினும் சரிந்து விலகும். காற்று மோதினும் அகன்ற அடி தாங்கும். தோல்வியை மறைக்காமல் அதனிடமே பாடம் கேட்டவரின் கைவண்ணம் அது.

1567இல் நிறைவெய்திய பூயூக் செக்மெஜே பாலமும் அத்தகையதே. இஸ்தான்புல்லுக்கு மேற்கே கடலோடு ஒட்டிய உப்பங்கழியைக் கடக்கும் அப்பாலம் 636 மீட்டர் நீளமுடையது. 28 வளைவுகள் கொண்டது. அத்தனை நீளத்தையும் ஒரே பாலமாக அமைப்பதைத் தவிர்த்து, இடையிடையே செயற்கைத் திட்டுகளை எழுப்பி நான்கு பாலங்களாகப் பிரித்தார் சினான். ஒன்றில் பழுது நேரினும் மற்றது நிற்கும். போஸ்னியாவின் திரீனா ஆற்றின்மீது 1577இல் முடிந்த விசெகிராட் பாலமும் அவரது திட்டமே. அது 2007இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

துணிவும் அதன் விலையும்

இளவரசி மிஹ்ரிமா பெயரால் நகர மதிலருகே 1560களில் எழுந்த பள்ளிவாசலில் சினான் ஒரு துணிச்சலான முயற்சியைச் செய்தார். அரைக்குவிமாடங்களின் துணையின்றி ஒற்றைக் குவிமாடத்தை நான்கு பெருவளைவுகளின்மீது நிறுத்தி, வளைவுகளுக்கு இடையேயுள்ள சுவர்களைச் சாளரங்களால் நிறைத்தார். உள்ளே நிற்போர் ஒளியில் நனைவர். ஆனால் சுவரைக் குறைத்தால் தாங்குவதற்கான கல்லும் குறையும் அன்றோ? 1894இலும் 1999இலும் நேர்ந்த நிலநடுக்கங்களில் இப்பள்ளிவாசல் பழுதுற்றுச் செப்பனிடப்பட்டது. எவ்வளவு பெரிய ஆசானுக்கும் ஒளியும் உறுதியும் விலையின்றி ஒருசேரக் கிட்டுவதில்லை.

சுலைமானிய்யாவுக்கும் நிலநடுக்கங்களால் பழுதுகள் நேர்ந்ததுண்டு. ஆயினும் அதன் அடிப்படைக் கட்டமைப்பு நிலைபெற்றது. சினானுக்கு முற்பட்ட பழைய ஃபாத்திஹ் பள்ளிவாசலோ 1766ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்து, பின்னர் வேறு அமைப்பில் புதிதாகக் கட்டப்பட்டது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் சினானின் கணக்கு எத்தகையது என்பது விளங்கும்.

1573இல் மற்றொரு கடமை அவரை அடைந்தது. ஆயிரம் ஆண்டு பழைமை கொண்ட ஆயா சோஃபியா ஆபத்தான நிலையில் இருந்தது. அதன் சுவர்களை ஒட்டி வீடுகள் முளைத்திருந்தன. அவற்றை அகற்றச் செய்து, வலிய முட்டுச் சுவர்களைச் சேர்த்து அதனை உறுதிப்படுத்தினார் சினான். எந்தக் கட்டடத்தை விஞ்ச வேண்டுமென்று அவர் வாழ்நாளெல்லாம் உழைத்தாரோ, அந்தக் கட்டடத்தையே காப்பாற்றும் பொறுப்பையும் அவர் மனமுவந்து ஏற்றார். போட்டியாளரின் பெருமையைக் காப்பதும் தொழில் அறமே என்று அவர் கருதியிருத்தல் வேண்டும்.

ஆசான் பருவம்

எண்பதை எட்டும் வயதில், 1568ஐ ஒட்டி, எடிர்னே நகரில் சலீமிய்யா பள்ளிவாசலைத் தொடங்கினார். இங்கே அரைக்குவிமாடங்களின் கூட்டத்தை அவர் கைவிட்டார். 31.25 மீட்டர் விட்டமுள்ள ஒரே பெருங்குவிமாடத்தை எட்டுத் தூண்கள் எண்கோணமாக நின்று தாங்குகின்றன. நான்கு தூண்கள் சுமக்க வேண்டியதை எட்டுத் தூண்கள் பகிரும்போது ஒவ்வொன்றின் பருமனும் குறைகிறது. அவை சுவரை நோக்கி ஒதுங்க முடிகிறது. நடுவில் மறைப்பேதுமற்ற ஒரே வெளி கிடைக்கிறது. செல்வரும் வறியவரும் எங்கு நின்றாலும் தம்மைத் தடுக்கும் தூணின்றி ஒரே கூரையின்கீழ் ஒன்றாக நிற்பர். கட்டமைப்புக் கணக்கு இங்கே வழிபாட்டின் பொருளோடு ஒன்றிவிடுகிறது. நான்கு மூலைகளிலும் எழுபது மீட்டருக்கும் மேல் உயர்ந்த மெல்லிய மினாராக்கள் நிற்கின்றன. அவற்றுள் இரண்டின் உள்ளே ஒன்றையொன்று சந்திக்காத மும்மூன்று சுழற்படிகள் உள்ளன.

இக்குவிமாடம் ஆயா சோஃபியாவை விஞ்சியது என்று சினான் பெருமிதம் கொண்டார். உண்மையில் விட்டத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமமே. உயரத்தில் ஆயா சோஃபியாவே மிகுந்தது. எனினும் தெளிவிலும் உறுதியிலும் சலீமிய்யா தனக்கு நிகரற்றது. கட்டச் செய்த இரண்டாம் சலீம் திறப்பு விழாவைக் காணாமலே 1574இன் இறுதியில் மறைந்தார். 1913ஆம் ஆண்டு எடிர்னே முற்றுகையில் பீரங்கிக் குண்டு தாக்கியும் அக்குவிமாடம் வீழவில்லை. 2011இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இடம் பெற்றது.

நிறைவும் நினைவும்

சினான் முதுமையில் ஹஜ்ஜுக் கடமையையும் நிறைவேற்றினார். தம் வாழ்வையும் பணிகளையும் சாயி முஸ்தஃபா செலபி என்னும் கவிஞ நண்பரிடம் கூறி எழுதச் செய்தார். அவர் பெயரால் வழங்கும் பட்டியல்களில் நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் உள்ளன. அவரிடம் பயின்றோர் அப்பணியைத் தொடர்ந்தனர். இஸ்தான்புல்லின் சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலைப் பின்னர் எழுப்பிய மெஹ்மத் ஆகா அவர்தம் மாணவரே. 1588இல், நூறு வயதை நெருங்கிய நிலையில், சினான் இறையழைப்பை ஏற்றார்.

சுலைமானிய்யாவின் மதிலுக்கு வெளியே, இரு தெருக்கள் கூடும் முக்கோணமான சிறு நிலத்தில் அவரது எளிய அடக்கத்தலம் உள்ளது. அதன் முனையில் வழிப்போக்கர் நீர் அருந்த ஒரு தண்ணீர்ப் பந்தல் அமைந்துள்ளது. நண்பர் சாயி எழுதிய கல்லறை வாசகத்தில் பூயூக் செக்மெஜே பாலம் சிறப்பாகச் சுட்டப்படுகிறது. பேரரசர்களின் பள்ளிவாசல்களைக் கட்டிய ஒருவரின் கல்லறையில், உழவரும் வணிகரும் மாட்டு வண்டிகளும் கடந்து சென்ற ஒரு பாலம் நினைக்கப்படுவது நம் நெஞ்சைத் தொடுகிறது.

சினானின் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. கல்விக்கூடமும் மருத்துவமனையும் பள்ளிவாசலும் எழுப்ப முன்வரும் சமுதாயப் பெரியோர்கள், கண்ணுக்குத் தெரியும் முகப்பிற்குச் செலவிடும் முன் கண்ணுக்குத் தெரியாத கடைக்காலுக்குச் செலவிட வேண்டும். கட்டும் நாளிலேயே பேணும் வழியையும் வகுக்க வேண்டும். பொறியியல் பயிலச் செல்லும் மாணவச் செல்வங்கள், ஐம்பது வயதில் தொடங்கி எண்பது வயதில் ஆசானான அம்முதியவரை நினைவிற்கொள்ள வேண்டும். வெள்ளம் பாலத்தை அடித்துச் சென்ற நாளில் அவர் என்ன செய்தார் என்பதை மறவாதிருக்க வேண்டும். தம் தலைக்கு மேலுள்ள சுமையைப் பற்றிக் கவலையின்றி ஒரு குழந்தை பாடம் படிக்கிறதென்றால், அக்கவலையை வேறொருவர் நேர்மையாகச் சுமந்திருக்கின்றார் என்பதே பொருள். அந்த வேறொருவராக நம்முள் சிலரேனும் உருவாகட்டும்.